பிறர் சொல்லை எடுத்துரைத்தல்: நேர்கூற்றும் அயற்கூற்றும்

முன்னுரை

மனிதன் தன் சொல்லை மட்டும் பேசி வாழ்வதில்லை. தந்தை சொன்னதைத் தாயிடமும், ஆசிரியர் சொன்னதைத் தோழரிடமும், அலுவலர் சொன்னதை அடுத்தவரிடமும் எடுத்துச் சொல்லியே அவன் நாள் கழிகின்றது. பிறர் கூற்றை அவர் மொழிந்தவாறே தருவது நேர்கூற்று. அதனை எடுத்துரைப்போன் தன் வாக்கியத்துள் அடக்கித் தருவது அயற்கூற்று. ஆங்கில வகுப்பில் இவற்றை 'டைரக்ட் ஸ்பீச்', 'இன்டைரக்ட் ஸ்பீச்' எனப் பயில்கின்றோம். நம் மாணவருட் பலர் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதிகளைப் பொருளறியாது வாய்பாடாகவே மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர்.

தமிழாசிரியன் ஆங்கில இலக்கணம் பேசலாமோ எனின், பேசலாம். இவ்விடர்ப்பாட்டின் வேர், ஆங்கிலத்தின் கடுமையில் இருப்பதைக் காட்டிலும் நம் தாய்மொழியின் போக்கை நாம் எண்ணிப் பாராமையிலேயே மிகுதியும் உள்ளது.

ஒரு துண்டுச்சீட்டு

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் யான் விடுதியில் தங்கியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அறைத்தோழரின் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நாளைக் காலையில நான் வர்றேன். மகனை ரூம்லயே இருக்கச் சொல்லுங்க" என்றார். காரணம் கூறவில்லை. தோழர் வெளியூர் நூலகம் ஒன்றிற்குச் சென்றிருந்தார். யான் அவர் மேசைமீது, "வாப்பா பேசினார்கள். 'நாளைக் காலை வருகிறேன், அறையிலேயே இரு' என்றார்கள்" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு, இரவுப் பேருந்தில் ஊருக்குப் புறப்பட்டேன். சீட்டில் நாள் குறிக்கவில்லை.

தோழர் புதன்கிழமை விடியலில் திரும்பினார். சீட்டைப் படித்தார். 'நாளை' என்றது வியாழக்கிழமையை எனக் கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு வெளியே சென்றார். அன்று காலையே வந்த தந்தையார் பூட்டிய கதவின் முன் நண்பகல் வரை காத்திருந்து, தனியே திரும்பினார். நோயுற்றிருந்த பாட்டியார் பேரனைக் காண விரும்பியதால் அழைத்துச் செல்லவே அவர் வந்திருந்தார். செய்தி அறிந்து தோழர் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது பாட்டியாரின் பேச்சு நின்றுபோயிருந்தது. தோழர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமையாயிற்று.

யான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றாது வைத்தமையாலேயே பொருள் மாறிற்று. "புதன்கிழமை காலை தாம் வருவதாகச் சொன்னார்கள்" என்று எழுதியிருப்பின் பிழை நேர்ந்திராது. அயற்கூற்று விதிகள் எதற்காக உள்ளன என்பதை வகுப்பறை உணர்த்தாத அளவுக்கு அச்சீட்டு எனக்கு உணர்த்திற்று.

நிற்கும் இடம் மாறுதல்

'நான்', 'நீ', 'இங்கே', 'இன்று', 'நாளை' போன்ற சொற்களுக்குத் தனித்து நிலையான பொருள் இல்லை. சொல்வோன் யார், எங்கே, எப்போது நின்று சொல்கின்றான் என்பதைக் கொண்டே அவை பொருள் பெறும். நேர்கூற்றில் முதலில் பேசியவர் நின்ற இடம் அப்படியே காக்கப்படுகின்றது. அயற்கூற்றில் எடுத்துரைப்போன் தான் நிற்கும் இடத்திலிருந்து பேசுகின்றான். ஆதலின் இடம், காலம் முதலியன அவனை நோக்கித் திரும்புகின்றன. ஆங்கிலத்தில் 'டுடே' என்பது 'தட் டே' ஆவதும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆவதும், 'ஹியர்' என்பது 'தேர்' ஆவதும் இதனாலேயே.

இம்மாற்றம் எந்திரம்போல் நிகழ்வதன்று என்பதும் அறியத்தக்கது. காலையில் ஒருவர் 'டுமாரோ' என்று சொன்னதை அன்று மாலையே எடுத்துரைத்தால் 'டுமாரோ' என்றே சொல்லலாம். நாள் இன்னும் மாறவில்லை அன்றோ!

காலங்காட்டும் முறை

தமிழ் மாணவர் மிகுதியும் தடுமாறுவது வினையின் காலத்தில்தான். 'ஐ ஆம் இல்' என்று ஒருவன் சொன்னதை 'ஹி செட் தட் ஹி வாஸ் இல்' என ஆங்கிலம் மாற்றுகின்றது. 'வில்' என்பது 'வுட்' ஆகின்றது. 'ஹாவ்' என்பது 'ஹாட்' ஆகின்றது. டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில் இதனைக் காலம் பின்னோக்கிப் பெயர்தல் என்னும் பொருள்படக் குறித்துள்ளார்.

தமிழ் என்ன செய்கின்றது? 'வருவேன்' என்றது 'வருவதாகச் சொன்னான்' ஆகும். 'வந்தேன்' என்றது 'வந்ததாகச் சொன்னான்' ஆகும். 'சொன்னான்' என்னும் வினை இறந்தகாலமாயினும் 'வருவதாக' என்பதில் எதிர்காலம் அசையாது நிற்கின்றது. அதாவது, தமிழ் அயற்கூற்று முதலில் பேசியவனின் காலத்திலிருந்து கணக்கிடுகின்றது. ஆங்கிலம் எடுத்துரைப்போனின் காலத்திலிருந்து கணக்கிடுகின்றது. இவ்வொரு வேறுபாட்டைத் தெளிந்தால் பாதி விதிகள் தாமே விளங்கும். 'ஹி செட் தட் ஹி வில் கம்' என்று நாம் கூசாமல் எழுதுவது தமிழின் கணக்கில் ஆங்கிலம் எழுதுவதாகும்.

எனினும், 'பூமி சூரியனைச் சுற்றுகின்றது' என்பது போன்ற பொது உண்மைகளை எடுத்துரைக்கையில் ஆங்கிலமும் நிகழ்காலத்தை வைத்துக்கொள்ள இடந்தருகின்றது. 'செட்' என்பதற்கு மாறாக 'செஸ்' என்று நிகழ்காலம் வரின் பெயர்ச்சியே இல்லை.

'தான்' என்னும் செல்வம்

'கபீர் டோல்ட் சலீம் தட் ஹி ஹாட் பாஸ்ட்' என்னும் வாக்கியத்தில் தேறியவன் யார்? கபீரா, சலீமா? ஆங்கிலத்தின் 'ஹி' இருவரையும் சுட்டும். தமிழிலோ, 'தான் தேறிவிட்டதாகக் கபீர் சலீமிடம் சொன்னான்' என்றால் தேறியவன் கபீரே. 'அவன் தேறிவிட்டதாக' என்றால் வேறொருவன் என்றே கொள்வோம். மூத்தோரைக் குறிக்கத் 'தாம்' என்றும் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்வசதி இல்லை என்பதை நினைவிற் கொண்டு, ஐயம் தோன்றுமிடத்துப் பெயரையே எழுதுதல் நன்று.

'என்று' என்னும் சொல்லும் அத்தகையதே. தொல்காப்பிய இடையியல் 'என' என்பது தரும் பொருள்களை அறுவகைப்படுத்தி, 'என்று' என்பதும் அன்னதே எனக் கூறுகின்றது. எடுத்துரைத்தலின் கருவியை நம் முன்னோர் நுணுகி நோக்கினர் என்பதற்கு இது சான்று.

வினாவும் ஏவலும்

'வேர் டு யு லிவ்?' என்னும் வினா, 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்' என மாறும். வினாவிற்குரிய சொல்வரிசை நீங்கிச் செய்தி வாக்கிய வரிசை வருகின்றது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவாயின் 'இஃப்' அல்லது 'வெதர்' சேரும். தமிழில் வினாவிற்கெனத் தனி வரிசை மாற்றம் இன்மையால் நம் மாணவர் 'வேர் டிட் ஐ லிவ்' என்று எழுதிவிடுகின்றனர்.

ஏவலில் இரு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன. 'உட்கார்' என்றதை 'உட்காரச் சொன்னார்' என எச்சமாக்குகின்றோம். ஆங்கிலமும் 'டோல்ட் ஹிம் டு சிட்' என்றே கூறும். 'டோல்ட்' வருமிடத்துக் கேட்டவர் யாரென்பதும் வருதல் வேண்டும். 'ஹி டோல்ட் தட்' என்பது வழு.

சொல்வோன் பொறுப்பு

கூற்றை முடிக்கும் வினையைத் தேர்பவன் எடுத்துரைப்போன். 'சொன்னார்' என்பது ஒன்று. 'ஒப்புக்கொண்டார்' என்பது மற்றொன்று. 'வேண்டினார்', 'கட்டளையிட்டார்', 'மழுப்பினார்' என ஒவ்வொரு வினையும் ஒரு தீர்ப்பைச் சுமந்து வருகின்றது. சுருக்கும்போதும் இவ்வாறே. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் 'ஹான்சார்ட்' பதிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் உரைகள் பல படர்க்கையில் சுருக்கித் தரப்பட்டன. 1909 முதல் அவையின் சொந்தப் பணியாளரே பெரிதும் சொன்ன சொல்லை ஒட்டிப் பதிவு செய்யலாயினர். நபிமொழிக் கலை வல்லாரும் சொல்லளவில் அறிவித்தல், பொருளளவில் அறிவித்தல் என இருவகை கண்டு, பின்னதற்கு மொழியறிவும் பொருளறிவும் வேண்டுமென வற்புறுத்தியுள்ளனர்.

முடிவுரை

நேர்கூற்றில் சொல்லைக் காக்கின்றோம். அயற்கூற்றில் பொருளைக் காக்கின்றோம். எதில் சொல்லினும், கேட்பவர் நிற்கும் இடத்தை எண்ணிச் சொல்லுதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் வாய்பாட்டை மனனம் செய்வதற்கு முன், வீட்டில் கேட்ட ஒரு செய்தியை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் அயற்கூற்றாக எழுதிப் பழகுவாராக. எழுதியதை மறுநாள் எடுத்துப் படித்து, அப்போதும் அதே பொருள் தருகின்றதா என நோக்குவாராக. பிறர் சொல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைச் சேரவேண்டிய இடத்தில் சிதையாது சேர்ப்பதற்கே இவ்விலக்கணம் நமக்குத் துணைசெய்கின்றது.