கஷ்டமெல்லாம் நிஜம் இல்லை, தம்பி

அறுபதுகளின் ஃபார்முலா ஒன் கார் மோட் ஒன்றை ஆசையாக இறக்கி, முதல் வளைவில் சுழன்று, இரண்டாவது வளைவில் வேலிக்கு வெளியே போய் விழுந்து, "ரொம்ப ரியலிஸ்டிக்கா இருக்கு, நமக்கு ஆகாது" என்று மூடிவைத்துவிட்ட தம்பி தங்கைகளுக்குத்தான் இந்த டிப்ஸ். அதே மோட்டில் எல்லா உதவிகளையும் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஓட்டுவது போல ஓட்டிவிட்டு "போரடிக்குது அக்கா" என்பவர்களும் கூடவே உட்காருங்கள். இரண்டு பேருக்கும் வியாதி ஒன்றுதான். நிஜமும் கஷ்டமும் ஒரே ஸ்லைடரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1967 ஃபார்முலா ஒன் சீசனை எடுத்துக்கொள்வோம். 1998-ல் பாபிரஸ் உருவாக்கிய கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் என்ற கேம் அந்த சீசனைத்தான் கொண்டுவந்தது. அதன் மேல் ரசிகர்கள் 1955, 1965, 1969 என்று வரிசையாக மோட்கள் கட்டினார்கள். இன்று அசெட்டோ கோர்சா கேமில் லோட்டஸ் 49 காரே இருக்கிறது, 1967 சில்வர்ஸ்டோன், 1966 மோன்ஸா டிராக்குகளும் இருக்கின்றன. அந்தக் காரின் எடை சுமார் 500 கிலோ. காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் சுமார் 400 குதிரைத்திறன் கொடுத்தது. இறக்கை கிடையாது, அதெல்லாம் 1968-ல்தான் வந்தது. கேட்கவே பயமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்தக் காரைத்தான் மனிதர்கள் மோன்ஸாவில் 68 சுற்று ஓட்டினார்கள். எல்லையில் வைத்து வேகமாக ஓட்டுவது கஷ்டம் என்பது உண்மை. நிதானமாக ஓட்டினாலும் சாலையில் நிற்காத காரோடு யாரும் பந்தயத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். அரை வேகத்தில்கூட உன்னால் ஒரு சுற்று முடிக்க முடியவில்லை என்றால், கோளாறு உன் மேசையில் இருக்கிறது, அல்லது மோட்டில் இருக்கிறது.

மேசையிலிருந்து ஆரம்பி

நிஜக் காரில் பின்பக்கம் வழுக்குவதை முதலில் சொல்வது ஓட்டுநரின் இடுப்புதான். உனக்கு அந்த வசதி இல்லை. திரையும் ஸ்டீரிங்கும் மட்டும்தான். அவை தரும் தகவல் தப்பாக இருந்தால் கார் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை.

பார்வைக் கோணத்தை முதலில் சரிசெய். 27 அங்குல மானிட்டர் ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்திருந்தால் சரியான கோணம் அகலவாக்கில் 53 டிகிரி, உயரவாக்கில் 32 டிகிரி. அசெட்டோ கோர்சா கேட்பது உயரக் கணக்கை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது என்று வைத்துக்கொண்டு, வேகம் தெரிகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். வேகம் தெரியும்தான். ஆனால் கோணம் விரிந்தால் திரையில் எல்லாமே சுருங்கும், கார் திரும்புவதும் சேர்ந்து சுருங்கும். பின்பக்கம் ஐந்து டிகிரி விலகியது உன் கண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரியாகத்தான் தெரிகிறது. நீ கவனிப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. குறுகிய கோணம் முதலில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி மூச்சுமுட்டும். பொறுத்துக்கொள், பழகிவிடும். மானிட்டரை ஒரு கை அளவு முன்னால் இழுத்தால் கோணத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யலாம். காசு செலவில்லாத அப்கிரேட் அது.

அடுத்து ஸ்டீரிங். டிரைவர் மென்பொருளில் 900 டிகிரி, கேமிலும் 900 டிகிரி. மீதியை அந்தந்தக் காருக்கு ஏற்றபடி கேமே பார்த்துக்கொள்ளும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை உச்சத்தில் வைத்துக் கையை உடைத்துக்கொள்வது வீரம் இல்லை. அசெட்டோ கோர்சாவில் பெடல் காட்டும் சின்ன ஆப் உண்டு. அதில் ஃபீட்பேக் பட்டை சிவப்பாகிக்கொண்டே இருந்தால் மோட்டார் தன் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்டயர் பிடி இழக்கும்போது ஸ்டீரிங் லேசாக வேண்டும். மோட்டார் முட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி உன் கைக்கு வரவே வராது. பலத்தைக் குறை, தகவல் கூடும்.

கேம்பேட் வைத்திருப்பவர்கள் வேகத்துக்கேற்ப ஸ்டீரிங்கைக் குறைக்கும் வசதியையும் ஃபில்டரையும் கூசாமல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நுனியால் 1967 கார் ஓட்டுவது வரலாற்றில் இல்லாத விஷயம். அதற்கு ஊன்றுகோல் தப்பில்லை. கீபோர்டு மட்டும் வேண்டாம், விட்டுவிடு.

எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது

என் கட்சி இதுதான்: கார் நடந்துகொள்ளும் விதத்தில் கை வைக்காதே, அதன் விளைவுகளில் எவ்வளவு வேண்டுமானாலும் வை. சேதத்தை அணை. டயர் தேய்மானத்தையும் எரிபொருள் குறைவதையும் அணை. டயர் சூடாகவே தொடங்கட்டும். டிராக்கின் பிடியை ஆப்டிமம் என்று வை. பந்தயத்தை ஐந்து சுற்றாகச் சுருக்கு. இவை எதுவும் நீ கற்கும் பாடத்தைப் பொய்யாக்காது. ஆட்டோ கிளட்சும் ஆட்டோ பிளிப்பும் இருக்கட்டும். மூன்று பெடலும் கியர் கம்பியும் இல்லாதவன் அவற்றை அணைத்து நிரூபிக்கப்போவது எதுவும் இல்லை.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மட்டும் வேறு ஜாதி. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வந்து காரை நேராக்கிவிட்டுப் போகிறது. அந்தக் காலத்தில் எந்தக் காரும் அப்படிச் செய்யாது என்பதால் நீ தப்பான காரைக் கற்றுக்கொள்கிறாய். ஏற்கெனவே பழகிவிட்டாய் என்றால் ஒரேயடியாக அணைக்காதே. அது சதவீத ஸ்லைடர்தானே, வாரம் கொஞ்சமாக இறக்கு. டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் ஏபிஎஸ்ஸையும் ஃபேக்டரி என்று வைத்துவிட்டால் நிஜக் காரில் இருந்தது மட்டுமே வேலை செய்யும். லோட்டஸ் 49-ல் இரண்டுமே கிடையாது.

"அப்போ எப்படி அக்கா சுலபமாக்குறது?" காரை மாற்று. இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1961 முதல் 1965 வரை ஃபார்முலா ஒன் என்றாலே 1.5 லிட்டர் எஞ்சின்தான், ஏறக்குறைய 200 குதிரைத்திறன். கிராண்ட் பிரி லெஜண்ட்ஸின் 1965 மோட் அந்தக் காலத்துக் கார்கள். அசெட்டோ கோர்சாவில் 1963-ல் ஜிம் கிளார்க் சாம்பியனான லோட்டஸ் 25 இருக்கிறது. ஒல்லி டயர், சின்ன எஞ்சின், வழுக்கினாலும் நிதானமாக வழுக்கும். ஒரு துளி பொய்யும் கலக்காமல் கஷ்டம் பாதியாகிவிடும். 1967-க்குள்ளேயேதான் இருப்பேன் என்று அடம்பிடித்தால் பிராபம் காரை எடு, லோட்டஸை அப்புறம் பார்க்கலாம். அந்த ஆண்டு கிளார்க் லோட்டஸில் நான்கு பந்தயம் ஜெயித்தார். டெனி ஹல்ம் பிராபமில் ஜெயித்தது இரண்டே இரண்டு. ஆனால் சாம்பியன் ஹல்ம்தான், 51 புள்ளியோடு.

டிராக்கும் அப்படித்தான். எல்லோரும் நேராக நூர்பர்க்ரிங்குக்கு ஓடுகிறார்கள். ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். ஒரு வளைவில் செய்த தப்பைத் திருத்திப் பார்க்க எட்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பழைய ஸ்பா 14 கிலோமீட்டர். பழைய வாட்கின்ஸ் கிளென் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு, ஒரு நிமிஷச் சொச்சத்தில் அதே வளைவு மறுபடி வந்து நிற்கும். அங்கே பழகு.

ஓட்டும்போது ஒரே ஒரு விஷயம். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதே. எடை முன்னால் பாயும், பின்டயர் லேசாகும், கார் திரும்பி உன்னையே பார்க்கும். நேர்ச்சாலையில் பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவுக்குள் கால் நுனியால் கொஞ்சம் மிதித்துக்கொண்டே இரு. கிராண்ட் பிரி லெஜண்ட்ஸில் இதற்கு செட்டப் உதவியும் உண்டு. டிஃப்ரென்ஷியலுக்கு இரண்டு கோணங்கள் இருக்கும். முதலாவது மிதிக்கும்போது, இரண்டாவது விடும்போது. கோணம் குறைந்தால் பின்சக்கரங்களை இணைக்கும் பூட்டு இறுகும். 85/30 என்று வைத்தால் காலை எடுக்கும்போது பின்பக்கம் அவ்வளவு துள்ளாது. நிஜ மெக்கானிக்கும் செய்யும் வேலைதான் இது, ஏமாற்று இல்லை.

மோட் செய்கிறவர்களுக்கு

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம். பழைய கார் என்றால் சோப்புத் தண்ணீரில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் முடிவுசெய்துவிட்டது. அந்தக் காலத்து டயர் கிராஸ் பிளை வகை. அதன் மொத்தப் பிடி இன்றைய டயரைவிடக் குறைவு, சரி. ஆனால் அந்தப் பிடியின் உச்சம் பெரிய வழுக்குக் கோணத்தில் வரும், உச்சம் தாண்டிய பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் நான்கு சக்கரமும் வழுக்க, வளைவு முழுக்கக் காரை அப்படியே மிதக்கவிட்டு ஓட்ட முடிந்தது. பழைய படங்களில் கார் கோணலாகப் போக, ஓட்டுநர் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். எல்லையைத் தாண்டிய கணமே பிடி பாதியாக விழும்படி டயர் கோப்பில் எண் எழுதுகிறவன் அந்தப் படத்தையே பொய்யாக்குகிறான். பிடியைக் குறைத்து வை, ஆனால் உச்சக் கோணத்தை அகலப்படுத்து, சரிவைச் சாய்வாக்கு.

இன்னொன்று, சுழல் நிலைமம். எடையைச் சரியாக எழுதிவிட்டு நிலைமத்தைச் சின்னதாக விட்டால் கார் பம்பரமாகிவிடும். எஞ்சினிலும் உச்சத் திறனை மட்டும் புத்தகத்தில் பார்த்து எழுதிவிட்டு, நடுவில் உள்ள திறன் கோட்டைக் கற்பனையில் வரைகிறார்கள். காலுக்கடியில் கார் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த நடுப்பகுதி.

செய்து முடித்ததும் நீயே ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லாதே. உன் கை அதற்குப் பழகிப்போயிருக்கும். பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்து, மெதுவாக ஒரு பத்துச் சுற்று போகச் சொல்; சாலையில் நிற்க முடியாவிட்டால் உன் எண்களைத் திரும்பப் பார்.

அளவுகோல் வேண்டுமானால் 1967 தகுதிச்சுற்று நேரங்கள் இருக்கின்றன. சில்வர்ஸ்டோனில் கிளார்க் 1:25.3, மோன்ஸாவில் அவரே 1:28.5, வாட்கின்ஸ் கிளெனில் கிரஹாம் ஹில் 1:05.48. சிமுலேட்டரில் கைதேர்ந்தவர்கள் இவற்றைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பதறாதே. அவர்களுக்கு மரம் இல்லை, நெருப்பு இல்லை, ஆயிரம் சுற்றுப் பயிற்சி உண்டு. முதல் நாள் உட்கார்ந்தவனே கிளார்க்கைத் தோற்கடித்தால் டயரில் பசை ஒட்டியிருக்கிறாய். கைதேர்ந்தவரே ஐந்து விநாடி பின்தங்கினால் சோப்பு போட்டிருக்கிறாய்.

கூட ஓடும் கார்கள்

எல்லோருக்கும் லோட்டஸ் 49 கொடுத்து, கம்ப்யூட்டர் ஓட்டுநர்களின் பலத்தை ஒரே அளவில் வைத்தால் இருபது கார் உன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். கஷ்டம் நிறைய, நிஜம் சுத்தமாக இல்லை. 1967 நூர்பர்க்ரிங் தகுதிச்சுற்றில் கிளார்க் எடுத்தது 8:04.1, இரண்டாவது வந்த ஹல்ம் 8:13.5. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஒன்பது விநாடிக்கு மேல்! ஆகவே கார்களைக் கலந்து போடு. கனத்த பிஆர்எம் ஹெச்16 இரண்டு, கூப்பர் சில, ஃபெராரி, ஈகிள் என்று. பலத்தைச் சிதறவிடு, ஆக்ரோஷத்தைக் குறை. இடைவெளி இருந்தால் நீயும் உன் காரும் டிராக்கும் மட்டுமாகச் சில சுற்று போகும். அன்றைய பந்தயம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீ வேகமாக ஓட ஓட, அதன் எதிராளிகளும் உன் நேரத்தைப் பார்த்து வேகம் கூட்டிக்கொள்வார்கள். முன்னேறவே இல்லை என்று தோன்றினால் அவர்களைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார்.

இதெல்லாம் கைவந்த பிறகு அணைத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடு. முதலில் எரிபொருள். 1967 மோன்ஸாவில் கிளார்க் பஞ்சரால் ஒரு முழுச் சுற்று பின்தங்கி, அதை ஓட்டியே மீட்டு, முன்னிலைக்கும் வந்து, கடைசிச் சுற்றில் எஞ்சினுக்கு பெட்ரோல் கிடைக்காமல் மூன்றாவதாக வந்தார். ஜெயித்தது ஹோண்டாவில் சர்ட்டீஸ். அதற்கடுத்து டயர் தேய்மானம், சேதம் கடைசியாக. தொட்டியை நிரப்பும்போது கணக்குக்கு மேல் இரண்டு சுற்றுக்கானதைச் சேர்த்தே ஊற்று.