துடைக்கத் துடைக்க மங்கும் கார்

இன்றைய கார் ஒன்றின் கதவைத் தொடும்போது விரலில் படுவது அதன் நிறமே இல்லை. நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற ஒரு படலம். பட்டறைக்காரர்கள் அதைக் கிளியர் கோட் என்பார்கள். தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 மைக்ரானை ஒட்டித்தான் வரும். கிளியர் கோட்டின் பங்கு அதில் 40 மைக்ரான் அளவு. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காரின் பளபளப்பு முழுவதும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் வேதிப்பொருளும் இதில்தான் கலந்திருக்கிறது. இது தேயும், மறுபடி வளராது. கார் பராமரிப்பு பற்றி நம் ஊரில் புழங்கும் நம்பிக்கைகளில் பாதி, இந்த ஒரு கணக்கு தெரியாததால் பிறந்தவை.

“தினமும் துடைத்தால் கார் புதுசு மாதிரியே இருக்கும்”

காரைக் கெடுப்பதில் முதலிடம் இந்த நம்பிக்கைக்குத்தான். தெருப்புழுதியில் பெரும்பகுதி மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட அதற்குக் கீழேதான். கிளியர் கோட்டோ ஒரு வகை பிளாஸ்டிக். இரவெல்லாம் படிந்த புழுதியின்மேல் காய்ந்த துணியை வைத்து இழுத்தால், அந்தத் துணி உப்புத்தாளின் வேலையைத்தான் செய்யும். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியாக இருந்தால் அதன் தையல் மடிப்பும் சேர்ந்து கீறும்.

அடுக்ககங்களில் விடியற்காலையில் ஒரு வாளியும் ஒரு துணியுமாக வந்து வரிசையாகக் கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார்களே, அந்தத் தொழிலாளர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. தினமும் துடைக்கச் சொல்வது நாம். பத்துக் காருக்கு ஒரு வாளித் தண்ணீர் என்ற கணக்கும் நாம் கொடுக்கும் சம்பளத்தில் இருந்து வந்ததுதான். முதல் காரின் மணல் பத்தாவது காரின் பானெட்டில் தேய்கிறது. அதே சம்பளத்துக்கு, தினமும் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள். உங்கள் காருக்கென்று இரண்டு வாளியும் நல்ல துணியும் வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் வேலை குறையும், காருக்கும் ஆயுள் கூடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை: “வட்ட வட்டமாகத் துடைப்பதால்தான் சிலந்தி வலை போன்ற கீறல் விழுகிறது, நேர்கோட்டில் துடைத்தால் விழாது.” கறுப்புக் கார் ஒன்றைத் தெருவிளக்கின் கீழே நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். நீங்கள் நகர்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. பிம்பத்தைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால்தான் வட்டமாகத் தெரிகிறது. எந்தத் திசையில் துடைத்தாலும் நடுவே மணல் இருந்தால் கீறல் விழும். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் வெள்ளைக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் எப்படிக் கழுவுவது? நிழலில் நிறுத்தி, பானெட் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். முதலில் கை படாமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சிப் புழுதியை இளக்கி இறக்குங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் முக்கி ஒரு கதவைக் கழுவியதும், அதை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. ஷாம்பு காய்வதற்குள் தண்ணீர் ஊற்றி, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை மேலே பரப்பி ஒற்றி எடுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை எடுத்து வைத்துவிடுங்கள். துவைத்த பிறகுதான் மறுபடி கார் மேல் பட வேண்டும்.

“வெயிலில் தண்ணீர்த்துளி லென்ஸாக மாறிப் பெயின்டைச் சுட்டுவிடும்”

கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கும். தட்டையான பரப்பில் உட்கார்ந்திருக்கும் துளி வெயிலைக் குவிக்கத்தான் செய்கிறது. ஆனால் குவியும் புள்ளி அந்தப் பரப்புக்கு வெகு கீழே விழுகிறது. பரப்பில் சுடும் அளவுக்கு வெப்பம் சேராது. செடியின் இலை வெயிலில் கருகுவதற்குத் தண்ணீர்த்துளிதான் காரணமா என்று ஹங்கேரிய ஆய்வாளர்கள் சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: வழவழப்பான இலையைத் துளி சுடுவதில்லை.

வட்டக் கறை மட்டும் நிஜம். அதற்குக் காரணம் போர் தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புச் சத்துதான் துளி காய்ந்ததும் பெயின்டின் மேல் தங்குகிறது. புதிதாகப் படிந்த கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்து, நன்றாகக் கழுவினால் போதும். மாதக்கணக்கில் வெயிலில் வெந்த கறை கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கியிருக்கும். அதற்கு வினிகர் உதவாது. அது விழாமல் தடுக்க வழி ஒன்றுதான்: காரைத் தானாகக் காய விடாதீர்கள். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், அதன் கழிவுநீரை மட்டும் காருக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் கண்டால் பெயின்ட் பாதுகாப்பாக இருப்பதாக எல்லோரும் மகிழ்கிறார்கள். பரப்பில் தண்ணீர் ஒட்டவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. உப்புத் தண்ணீர் முத்தாக நின்று அங்கேயே காய்ந்தால் கறை இன்னும் அழுத்தமாக விழும்.

பறவை எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் அமிலம் இருப்பது மட்டுமே பிரச்சினை என்று நினைக்கிறோம். பறவையின் செரிமான நொதிகளும் கிளியர் கோட்டைச் சிதைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊர் வெயிலில் அந்த வேலை விரைவாகவே நடக்கும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே அள்ளி எடுங்கள். பூப்பூக்கும் பருவத்தில் மாமரத்தடியில் நிறுத்திய காரில் பிசுபிசுப்பாகப் புள்ளி விழும். மரத்தில் இருக்கும் தத்துப்பூச்சிகள் வெளிவிடும் இனிப்புக் கழிவு அது. வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் போய்விடும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூஞ்சை வளரும்.

“கீறலுக்கு டூத்பேஸ்ட், பளபளப்புக்கு மண்ணெண்ணெய்”

டூத்பேஸ்டில் பல்லைத் தேய்க்கும் நுண்துகள் இருக்கிறது. ஆகவே மேலோட்டமான உரசல் ஒன்று அதில் மங்கிப்போவது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வளர்ந்தது. அந்தத் துகள் பல்லுக்காக அளவெடுத்தது. கார் பாலிஷில் இருப்பதுபோல் தேயத் தேய உடைந்து நைஸாகும்படி செய்தது இல்லை. கீறல் போன இடத்தில் ஒரு மங்கல் தங்கிவிடும்.

டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தால் கார் மினுங்கும். கீறல்களை எண்ணெய் நிரப்பிவிடுவதால் வரும் மினுக்கம் அது. மறுநாளே புழுதி அதில் அப்பிக்கொள்ளும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் பெட்ரோலிய எண்ணெயில் உப்பித் தளர்ந்துபோகும். மண்ணெண்ணெய்க்கு ஒரே ஒரு நியாயமான வேலை உண்டு. புதிதாகப் போட்ட சாலையில் தெறித்த தாரின் மேல் ஒரு துளி தொட்டு எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவலாம். தேங்காய் எண்ணெயும் புழுதியைத்தான் கூட்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை ஒருமுறை போட்டதால் பெயின்ட் கெட்டுவிடாது. மேலே இருக்கும் வேக்ஸை அது கரைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பாத்திரம் துலக்கும் பொடியும் நாரும் வேறு கதை. அவற்றைக் காரின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

“வருஷத்துக்கு ரெண்டு தடவை பாலிஷ் போட்டால் பெயின்டுக்குப் பாதுகாப்பு”

பாலிஷும் வேக்ஸும் ஒன்று என்ற குழப்பம் இது. பாலிஷ் வெட்டும், வேக்ஸ் மூடும். ரப்பிங் காம்பவுண்டோ பாலிஷோ கீறலை நிரப்புவதில்லை, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். 40 மைக்ரானில் எத்தனை முறை சீவ முடியும்? அடி தெரியும் முன்பே ஆபத்து தொடங்கிவிடும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பில்லில் ‘ரப்பிங் அண்ட் பாலிஷிங்’ என்று சேர்ப்பதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பழக்கம் வந்த வழியும் புரியக்கூடியதே. அம்பாசடர், பத்மினி காலத்துப் பெயின்டில் தனிக் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்பரப்பு. வெயிலில் அது சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் செத்த நிறம் துணியில் வந்து, அடியில் இருந்து புது நிறம் எழும். அந்தக் கார்களுக்கு அது சரியான வைத்தியம். இன்றும் ஓர் அம்பாசடரை வைத்திருப்பவர் அதைத் தாராளமாகச் செய்யலாம், அளவோடு. கிளியர் கோட் உள்ள காரில் தேய்க்கும் துணியில் காரின் நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மேலே இருந்த படலம் அங்கே தீர்ந்துவிட்டது என்று பொருள்.

வீட்டிலேயே சீர்செய்ய நினைப்பவர்கள் முதலில் நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. பாலிஷால் முழுதாகப் போகாது. தட்டாவிட்டால் நம்பிக்கை உண்டு. காரைக் கழுவிக் காயவைத்து, கையை மெல்லிய பாலிதீன் பையில் விட்டு பானெட்டைத் தடவினால் சொரசொரப்பு துலக்கமாகத் தெரியும். ரயில் பாதை ஓரத்திலும் தொழிற்சாலை அருகிலும் நிற்கும் கார்களில் இரும்புத்துகள் குத்தி நிற்கும். அதற்குக் களிமண் போல் பிசையக்கூடிய கிளே பார் கட்டியை, நிறைய ஷாம்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். அதன்பிறகு இருப்பதிலேயே மென்மையான பாலிஷை எடுத்து, கண்ணில் படாத ஒரு சாண் இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலேயே வேலை முடிந்தால் கடினமான காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். கதவின் விளிம்பிலும் பானெட்டின் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெலிவு, அங்கே தேய்க்காதீர்கள். மெஷின் வாங்குவதானால் சுழற்சியோடு ஊசலும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் வகை நல்லது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் சட்டென்று சூடேறிப் பெயின்டைத் தின்றுவிடும்.

கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிவதுபோல் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறதா? அங்கே கிளியர் கோட் செத்துவிட்டது. எந்தப் பாலிஷும் வேக்ஸும் அதை மீட்காது. அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குபவர் உங்களை ஏமாற்றுகிறார்.

“டெஃப்லான் போட்டாச்சு, செராமிக் போட்டாச்சு, இனி கவலை இல்லை”

டெஃப்லான் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது ஒட்டுவது அந்த வகைச் சூட்டில் வெந்ததால்தான். காரின் பெயின்ட் தொழிற்சாலை அடுப்பிலேயே 140 டிகிரி அளவில்தான் வேகிறது. கடையில் துணியால் தடவும் திரவம் பெயின்டோடு டெஃப்லான் படலமாகப் பிணைய வழியில்லை. கிடைக்கும் பளபளப்பு, கூடவே இருக்கும் பாலிஷும் மெழுகும் தருவது.

செராமிக் கோட்டிங் உண்மையான பொருள். ஒழுங்காகப் போட்டால் வேக்ஸைவிடப் பல மடங்கு நாள் நிற்கும், அழுக்கு எளிதாக இறங்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘9ஹெச்’ வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பென்சில் சோதனையின் அளவு: 9ஹெச் பென்சில் கீறவில்லை என்று பொருள். மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணல் அதையும் கீறும். ஓரிரு மைக்ரான் தடிமன் உள்ள படலம், லாரிச் சக்கரத்தில் இருந்து தெறிக்கும் கல்லை என்ன செய்ய முடியும்? கையில் பணமிருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல வேக்ஸ் ஒரு டப்பா வாங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெல்லியதாகப் பூசினால் போதும். தடிமனாகப் பூசுவது வீண், துடைத்தெடுப்பதில்தான் போய்ச்சேரும்.

கவரும் காத்திருப்பும்

வெளியே நிற்கும் காருக்குக் கவர் போட்டால் கெடாது என்பது பாதி உண்மை. புழுதியோடு இருக்கும் காரின்மேல் கவரை இழுத்தால், கழுவும்போது தவிர்த்த கீறல் முழுவதும் அப்போது விழும். ஆடிக்காற்றில் அது படபடத்துக் கூடுதலாகத் தேய்க்கும். மழைக்காலத்தில் காற்று போகாத பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். கழுவிக் காய்ந்த காருக்கு, காற்று புகும் துணிக் கவர் சரி.

கடலோர ஊர்களில் பளபளப்பைவிட முக்கியமான ஒன்று உண்டு: கல் பட்டுத் தகடு தெரியும் புள்ளிகள். உப்புக் காற்றில் அங்கிருந்துதான் துரு பரவும். காரின் நிறக் குறியீடு கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பெரும்பாலும் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கி, துருவை நைஸான எமரியால் எடுத்து, பிரைமர் தொட்டு, மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக வையுங்கள். அழகாக அமையாவிட்டாலும் தகடு மூடிவிடும்.

“புதுக் காருக்கு ஆறு மாதம் வரை வேக்ஸ் போடக் கூடாது” என்பதும் பலர் சொல்வது. தொழிற்சாலையில் வெந்து வந்த பெயின்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாங்கிய வாரமே போடலாம். காத்திருக்க வேண்டியது விபத்துக்குப் பின் பட்டறையில் அடித்த பெயின்டுக்கு. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறச் சில வாரம் ஆகும். அதற்குமுன் வேக்ஸோ செராமிக்கோ பூசி மூடாதீர்கள். எத்தனை நாள் என்பது பெயின்டுக்குப் பெயின்ட் மாறும். காரை எடுக்கும்போதே பெயின்டரிடம் கேட்டு, பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.