சாஸேஜைக் காக்கும் இயற்கைப் பொருள்கள்

மைசூருவின் செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961இல் அந்நகரில் நிறுவப்பெற்ற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடமும் ஆராய்ந்துவரும் துறைகளுள் இறைச்சிப் பாதுகாப்பும் ஒன்றாகும். இத்துறையில் வேகவைத்த சாஸேஜ் தனிக் கவனத்துக்குரியது. அரைத்த இறைச்சியோடு கொழுப்பும் உப்பும் மசாலாவும் கலந்து, உறையில் அடைத்து வேகவைக்கப்படும் இப்பண்டத்தில் ஈரமும் புரதமும் மிகுதி, அமிலத்தன்மையோ குறைவு. கிருமிகள் பெருக இதைவிட ஏற்ற இடம் அரிது.

வேகவைத்தபின் கிருமிக்கு இடமேது என்று கேட்கலாம். கொதிநிலையைக்கூட எட்டாத அவ்வெப்பத்தில் கிருமிகள் மடியினும் சிலவற்றின் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. பொட்டுலிசம் என்னும் நச்சுநோயின் பெயரே சாஸேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேலும், வெந்தபின் உரிக்கும்போதும் நறுக்கும்போதும் புதிய கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்ற சாஸேஜ் வகையின் மூலம் பரவிய லிஸ்டீரியா நோய் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. குளிர்பெட்டிக்குள்ளும் பெருகவல்லது இக்கிருமி.

இவ்விடர்களுக்கு எதிராக நெடுங்காலமாகக் கையாளப்படுவது சோடியம் நைட்ரைட். அது பொட்டுலிசக் கிருமியைத் தடுக்கிறது, செந்நிறம் தருகிறது, கொழுப்பு காறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆயினும் அதிலிருந்து நைட்ரோசமைன் என்னும் தீய சேர்மங்கள் உருவாகக்கூடும். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதும், மாற்றுப் பொருள்கள்மீது நாட்டம் பெருகியது.

கிராம்பிலுள்ள யூஜினால் கிருமியின் மென்படலத்தைச் சிதைக்கிறது. ஆனால் சோதனைத் தட்டில் காட்டும் ஆற்றலைக் கொழுப்பு மிகுந்த இறைச்சியில் அது காட்டுவதில்லை. அளவைக் கூட்டினாலோ உண்பவர் முகஞ்சுளிப்பர். தூய்மைப்படுத்தாத மிளகு தானே வித்துகளைச் சுமந்துவருவதும் உண்டு. பால்புளிக்கும் நுண்ணுயிரி தரும் நைசின், லிஸ்டீரியா போன்ற ஒரு வகைக் கிருமிகளை மட்டுமே அடக்கும். ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்வதே அறிவுடைமை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் கிருமியைத் தடுத்தது. புதினாச் சாறு கொழுப்பு காறுவதைத் தடுத்தது. இரண்டும் கலந்து சேர்த்த பன்றியிறைச்சிச் சலாமி, 0 முதல் 3 பாகை வரையிலான குளிரில் கூடுதல் நாள்கள் கெடாதிருந்தது. கழிவாக எறியப்படும் ஓட்டிலிருந்து இப்பயன் கிட்டுவது பொருளாதார நோக்கிலும் வரவேற்கத்தக்கது.

எனினும் 'இயற்கை' என்ற சொல் எப்போதும் நம்பத்தக்கதன்று. செலரிப் பொடி சேர்த்து 'நைட்ரைட் அற்றது' என விற்கப்படும் பண்டங்களில், அப்பொடியிலுள்ள நைட்ரேட்டே நுண்ணுயிரிகளால் நைட்ரைட்டாக மாற்றப்படுகிறது. வேதியியலில் இரண்டும் ஒன்றே. காப்புப் பொருள் எதுவாயினும், மின்வெட்டில் குளிர்பெட்டி நின்றுபோகும் சிறு கடையில் அதனால் அதிகம் செய்ய இயலாது. சிறு உற்பத்தியாளருக்குக் கடனுதவி வழங்குவோர் அரவை எந்திரத்தோடு குளிர்சாதனத்துக்கும் சேர்த்தே மதிப்பீடு தயாரிப்பது நலம்.