கித்தார் பயில்வோருக்குச் சில குறிப்புகள்

● கேப்போவைப் பொருத்துங்கால், ஃப்ரெட்டின்மேல் ஏறிவிடாமல், அதையொட்டித் தலைப்பக்கமாகச் சற்றே பின்னால் இருத்தி, ஆறு தந்திகளின் சுருதியையும் மறுமுறை சோதித்துக்கொள்வது உத்தமம்.

● பாடுவோரின் சாரீரம் ஜி சுருதிக்கு இணங்காமல் ஏ சுருதியை நாடுமாயின், இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவை இட்டு, பழகிய ஜி கார்டுகளையே வாசிக்கலாம்.

● ‘ட்ராப் டி’ முறைக்கு, தடித்த ஆறாம் தந்தியை இ ஸ்வரத்திலிருந்து டி ஸ்வரத்திற்கு இறக்குகையில், வேண்டியதற்கும் கீழே தளர்த்திப் பின்னர் மெல்ல ஏற்றி நிறுத்தினால் சுருதி நழுவாது. நான்காம் தந்தியோடு சேர்த்து மீட்டினால், ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டும் இழைவது செவிக்கே புலனாகும்.

● இரண்டாம், முதலாம் தந்திகளையும் அவ்வாறே ஒரு முழு ஸ்வரம் இறக்கினால், 1960-களில் ஆங்கிலேயக் கலைஞர் டேவி கிரஹாம் பிரபலப்படுத்திய டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி சித்திக்கும்.