படத்தில் இருந்த மூன்றாவது ஆள்

தம்பி ராபர்ட் இர்வினுக்கு,

கேப் யார்க் காட்டுத்தீயை நீ எடுத்த படத்தைப் பெரிய தாளில் அச்சுப்போட்டு என் பேத்தி கொண்டுவந்தாள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2021இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 'புஷ்ஃபயர்'. ஒரு வாரமாக என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. காட்டுக்கு வகிடு எடுத்ததுபோல நெருப்பு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கரி. வானத்திலிருந்து எடுக்கும் படங்கள் எனக்கு ஆகாது. மந்திரி ஹெலிகாப்டரில் வெள்ளம் பார்க்கிற சங்கதி அது. ஆனால் இந்தக் காட்டின் கதையைத் தரையில் நின்று சொல்லியிருக்க முடியாது. பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும் என்று தெரிந்தும் ட்ரோனைப் புகை பக்கம் அனுப்பினாயாம். அந்தத் துணிச்சல் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. பரிசு வந்தபோது உனக்கு 17.

பாராட்டு போதும். 2019இல் நீ வெளியிட்ட இரட்டைப் படம் என்னை இன்னும் உறுத்துகிறது. பீர்வாவில் உங்கள் ஆஸ்திரேலியா ஜூ. ஒன்றில் அப்பா ஸ்டீவ் மர்ரே என்கிற முதலைக்கு இரை நீட்டுகிறார். 15 வருடம் கழித்து, அதே இடத்தில், அதே நிலையில் நீ. ஊரே கண்கலங்கியது. என் வீட்டிலும்தான். இரண்டு வயதில் தகப்பனை இழந்த பிள்ளை. யாருக்குத்தான் மனசு இளகாது? நான் மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மர்ரேயைப் பார்த்தேன். இரண்டு படத்திலும் அதே முதலை, தம்பி! இந்த 15 வருடத்தில் அது எவ்வளவு வளர்ந்தது? பல் எத்தனை போய் முளைத்தது? அப்பாவிடம் பாய்ந்த வேகம் உன்னிடம் இருக்கிறதா, குறைந்ததா? உலகத்தில் இதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் நாலைந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். நீ ஒருவன். அப்பாவும் பிள்ளையும் படச்சட்டத்தை நிரப்பிவிட, மூன்றாவது ஆள் மேடைச் சாமானாகிவிட்டது.

உங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சி முழுக்க இந்த வியாதிதான். முதலை பாய வேண்டும், நீங்கள் கூவ வேண்டும். முதலையோ பெரும்பொழுது சும்மா கிடக்கிற பிராணி. அந்தக் கிடப்பில்தான் அதன் பிழைப்பே நடக்கிறது. வாயைப் பிளந்து வைத்திருப்பதுகூட மிரட்ட அல்ல, பெரும்பாலும் உடம்புச் சூட்டை இறக்க.

இது தெரியாமல் நானே கெட்டேன். அமராவதி அணைக்கரை, வைகாசி மாதம், கையில் ஒரே ஒரு 36 படச் சுருள். மூன்று நாள் புதருக்குள் கிடந்தேன். பிளந்த வாயாகப் பார்த்துப் பார்த்து 36ஐயும் தீர்த்தேன். மூன்றாம் நாள் மாலை, மணலுக்கு அடியில் முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தின. தாய் ஏறிவந்தது, தோண்டியது, அத்தனை பெரிய வாயில் குஞ்சுகளை அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோனது. என் கேமராவில் சுருள் இல்லை. அன்று ஊருக்குப் பஸ் ஏறியபோது யாரிடமும் பேசவில்லை.

உன் அப்பா 1980களில், குவீன்ஸ்லாந்து அரசுக்காகத் தொல்லை தரும் முதலைகளைத் தனியாகப் பிடித்துத் திரிந்தபோது, வீடியோ கேமராவை நிறுத்திவைத்துவிட்டுத் தன்னைத்தானே படம்பிடித்தார். படம்பிடிக்க வேறு ஆள் இல்லை. அந்தக் கேமராவுக்குத் திரும்பத் தெரியாது. அவர் விலகிப்போனால் ஆறும் சேறும்தான் மிஞ்சியிருக்கும். உன் நிகழ்ச்சிகளில் எனக்கு அந்த ஆறும் சேறும் வேண்டும். அப்பா பெயரில் உள்ள 3,30,000 ஏக்கர் காப்புக்காடும், பாக்சைட் சுரங்கத்திடமிருந்து நீங்கள் போராடி மீட்ட வென்லாக் ஆறும் கையில் இருக்கும்போது என்ன குறை? குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாரோடு அங்கே முதலைகளுக்குக் கருவி பொருத்தப் போவாயே, அப்போது ஒரு கேமராவைக் கரையில் நட்டுவிட்டு எட்டப் போய்விடு. காக்கிச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. சட்டத்துக்குள் வராதே என்கிறேன். 'புஷ்ஃபயர்' படத்தில் நீயும் இல்லை, அப்பாவும் இல்லை. அதனால்தான் அது என் மேசையில் இருக்கிறது.

பேத்தி ஒன்று எழுதச் சொன்னாள்: அக்கா பிண்டி 2015இல் வென்ற நடனப் போட்டியை 2025இல் நீயும் வென்றதற்கு வாழ்த்து. எழுதிவிட்டேன்.

மர்ரே மட்டும் இருக்கிற படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. கை வேண்டாம், இறைச்சியும் வேண்டாம்.