தடுப்பூசி மேசையில் தொடங்கும் வேலை

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் முடித்து, ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ சொந்தமாகக் கிளினிக் திறக்கப்போகும் இளம் மருத்துவருக்கு,

1985-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது. கோழி, மாடு, ஆடு பற்றிய சந்தேகங்களைத் தீர்க்க உங்களுக்குச் சுற்றிலும் ஆள் உண்டு. ஆனால் கிளினிக் திறந்த கொஞ்ச நாளிலேயே, ஒன்றரை வயது நாயின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "வீட்ல குழந்தையாட்டம் இருக்குதுங்க டாக்டர். வேற நாயக் கண்டாத்தானுங்க கொல்லப் போகுது." அடங்குவதற்கு ஓர் ஊசி போடச் சொல்லிக் கேட்பார். அந்த இடத்தில் மருத்துவர் செய்ய வேண்டியது அரைமணி நேர விசாரணை.

முதலில் உடம்பு. காதில் சீழ், இடுப்பு மூட்டில் வலி, உண்ணிக் காய்ச்சல் எது இருந்தாலும் நாய் மற்ற நாயை அருகில் விடாது. நன்றாக இருந்த நாய் திடீரென மாறியிருந்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போடாதிருந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் ரேபிஸை நினைக்க வேண்டும். இவை இல்லையென்று தெரிந்த பிறகே நடத்தையைப் பற்றிப் பேச்சு.

அடுத்த கேள்வி, குட்டியை எத்தனை நாளில் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்பது. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், முப்பது நாளில் தூக்கி வந்துவிடுவார்கள். பிறகு நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே வளரும். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதியதெல்லாம் அச்சமாகிறது. கடியின் அளவை உடன்பிறந்த குட்டிகளிடம் கற்பதும் இந்த வாரங்களில்தான். ஒன்றரை வயதில் சீறும் நாய்களில் பல உண்மையில் பயந்த நாய்கள். குரைத்துப் பாய்ந்தால் எதிரே இருப்பது விலகிப் போகிறது என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன.

இங்கே ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. பார்வோ இந்தப் பக்கத்தில் குட்டிகளை ரத்தக் கழிச்சலில் கொண்டுபோகும் நோய். தெருவெல்லாம் தடுப்பூசி காணாத நாய்கள். அதனால் "எல்லா ஊசியும் முடியும்வரை வெளியே விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது மருத்துவருக்குப் பாதுகாப்பான பேச்சு. ஊசிகள் முடியும்போது குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகிவிடும், பழகும் காலமும் போய்விடும். அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழித்தே, ஏழெட்டு வார வயதில், குட்டியைப் பழக்கும் வகுப்புகளில் சேர்க்கலாம் என்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோய்களைவிட நடத்தைச் சிக்கல்களே முதல் காரணம் என்றும் அது சொல்கிறது. அங்கே கருணைக்கொலையில் முடிவது, இங்கே ஆயுள் முழுக்கச் சங்கிலியாகவோ, நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடுவதாகவோ முடிகிறது.

ஆகவே முதல் ஊசிக்கு வரும் நாளிலேயே வழி சொல்லி அனுப்ப வேண்டும். குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்று மற்ற நாய்களைக் காட்டலாம். ஸ்கூட்டரில் மடியில் வைத்துச் சந்தை வரை போய் வரலாம். ஊசி போட்ட, சாதுவான வளர்ந்த நாய் உறவினர் வீட்டில் இருந்தால் அந்த மொட்டைமாடியில் இரண்டையும் விடலாம். முன்பின் தெரியாத நாய்கள் மலமோ மூத்திரமோ போன மண்ணில் மட்டும் விடக் கூடாது. கிளினிக்கின் தரையும் அதில் சேர்த்தி.

பண்ணை நாயின் கதை வேறு. கோழிப்பண்ணையில் அதைப் பகலெல்லாம் கட்டி வைப்பார்கள், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். செத்த கோழிகளை வேலியோரம் வீசினால் தெருநாய்க் கூட்டம் தினமும் வரும். கட்டிய நாய் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் சண்டைக்குப் பயிற்சி எடுக்கும். எந்த மருந்தும் அதைத் தணிக்காது. செத்த கோழியை மூடிய குழியில் போடச் சொல்லுங்கள், நாயைப் பாதை அதன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பண்ணைக்காரர் கேட்கத் தயங்குவார். நோய்த் தடுப்புக்கும் அதுவே வழி என்றால் கேட்பார். மேற்கு வங்கத்தில் தெருநாய்களைக் கவனித்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, இனச்சேர்க்கைப் பருவத்திலும் குட்டி வளர்க்கும் பருவத்திலும் சண்டைகள் கூடுவதைக் காட்டியது. அந்த மாதங்களில் இளம் ஆண் நாயை அவிழ்த்துவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பயிற்சிக்கு வேண்டியவை தூரமும் தீனியும். எதிரே நாய் தெரிந்தும் தன் நாய் இன்னும் வாயைத் திறந்து தளர்வாக இருக்கும் தூரம் எது என்று உரிமையாளரே கண்டுபிடிக்க வேண்டும். வாய் மூடி, உடம்பு விறைத்து, பார்வை குத்திட்டு, வால் மேலே நின்றால் அந்தத் தூரம் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே, எதிர் நாய் கண்ணில் பட்ட கணத்தில், அவித்த முட்டைத் துண்டோ கோழி ஈரலோ வாய்க்கு வர வேண்டும். எதிர் நாய் மறைந்ததும் தீனி நிற்க வேண்டும். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் தூரம் மெல்லக் குறையும். முட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

"நாலு போடு போட்டாத்தான் அடங்கும்" என்ற பேச்சை நீங்கள் தினமும் கேட்பீர்கள். உறுமும்போது அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ மல்லாக்கப் போட்டு அழுத்தியோ அடக்கப் பார்த்தபோது, நாய்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு உரிமையாளர் மீதே சீறின. நாய்க்கு உரிமையாளர் 'தலைவன்' ஆக வேண்டும் என்ற பேச்சு, ஓநாய்க் கூட்டத்தின் 'தலைவன்' பற்றிய கருத்திலிருந்து வந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999-இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார்.

இனத்தின் மீது பழிபோடும் பேச்சும் வரும். ராஜபாளையம், கோம்பை என்றாலே முரடு என்பார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது ஏறக்குறைய 9 சதவீதம் மட்டுமே. இனத்தின் பெயரைவிட நாய் வளர்ந்த விதத்தைக் கேளுங்கள். ஆண்மை நீக்க அறுவையால் ஊர் சுற்றுவது குறையும், ஆண் நாய்ச் சண்டையும் ஓரளவு குறையலாம். பயத்தில் சீறும் நாயை அது மாற்றாது. அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

சண்டையைப் பிரிக்கப் போய்க் கையில் கடி வாங்கியவரும் அதே நாயோடு வருவார். சண்டைக்குள் கை விடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரோ, நடுவே தள்ளிய பலகையோ உதவும். கடிபட்ட கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தெருநாயிடம் கடிபட்ட நாய்க்கும் ரேபிஸ் ஊசி மறுபடி தேவை.

எல்லாம் செய்தும் சில நாய்கள் மற்ற நாயோடு சேரவே சேராது. அதை உரிமையாளரிடம் மறைக்க வேண்டாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடிக்குத் தீனி கொடுத்துப் பழக்கச் சொல்லுங்கள். தெருநாய்கள் உறங்கும் உச்சி வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுடும் என்பதால், நடைக்கு விடியலில் ஆளில்லாத வயல் வரப்பைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்று அவர் கேட்டால், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.