மட்டக்களப்புக்கு எந்த மாதம் வரக்கூடாது? அக்காவின் டிப்ஸ்

கனடா, லண்டன், சுவிஸ் என்று தூரத்தில் இருக்கிற தங்கச்சிமாரே! "இலங்கைக்குப் போக டிசம்பர்தான் நல்லது" என்று பயண முகவர்கள் சொல்வது காலி, கொழும்புப் பக்கத்துக்குப் பொருந்தும். நமது வாவிக்கரைக்கு அது நேர்மாறு. இங்கே வருஷத்து மழையில் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் கொட்டும். டிக்கெட் போடமுதல் இதை ஒருக்கா வாசியுங்க.

1. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை வேண்டாம்

1978 நவம்பர் 23 சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் இறுதி வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். எல்லாமே இந்த மாதங்களில் வந்தவை. மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்பு வீதியும் தடைப்படும், ரயிலும் நிற்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்கிறவர் உள்ள குடும்பம் இந்தக் காலத்தில் துணியவே வேண்டாம்.

2. "வாங்க" என்றால் மட்டும் போதாது, விபரம் கேளுங்க

வருகிறேன் என்று சொல்லும் பிள்ளையை வராதே என்று நம் சனம் சொல்லாது. அதனால் நீங்கள்தான் துருவிக் கேட்க வேண்டும். போன மாரிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? கிணற்று நீர் குடிக்கலாமா? மலசலகூடம் நிரம்பியதா? வெள்ளத்தால் வீட்டுக்காரரே பள்ளிக்கூடத்தில் தங்கவேண்டி வரும் நாட்களில், விருந்தினரை எங்கே படுக்க வைப்பது என்பது அவர்களுக்கு இன்னொரு கவலை.

3. வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போகிறவர்கள்

குருமண்வெளித் துறையில் பாதை என்கிற படகில் ஏறி மண்டூருக்குப் போவது சுகமான பயணம். ஆனால் காற்றும் நீரோட்டமும் கூடினால் பாதை ஓடாது. சுற்றுவழியிலும் தண்ணீர் நிற்கலாம். வெள்ளக் காலத்தில் பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டப்பட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தோடும். அந்தப் பக்கம் பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீங்க.

4. மழை விட்டாலும் காய்ச்சல் விடாது

வடக்கு கிழக்கில் டெங்கு கூடுவது மாரியை ஒட்டித்தான். அந்த நுளம்பு பகலில் கடிக்கும்; பிள்ளைகளுக்கு நீளக்கை உடுப்புப் போடுங்க. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்க. அஸ்பிரின், ஐபுபுரோபன் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும். வெள்ளம் நின்ற வயலுக்குள் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். வெளிநாடு திரும்பிய இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், இலங்கைக்குப் போய் வந்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

5. அப்போ எப்ப வரலாம்?

பள்ளிக்கூட விடுமுறையோடு ஒத்துவருவது ஜூலை, ஆகஸ்ட். பாசிக்குடாக் கடல் அமைதியாக இருக்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழா. வாவியில் பாடும் மீனைக் கேட்கவும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான பௌர்ணமி இரவுகள்தான் தோது. கச்சான் காற்று மட்டும் அனலாக அடிக்கும். கைக்குழந்தையையும் வயதானவர்களையும் காலை பத்துக்குப் பிறகு மாலை நாலு வரை வெளியே கூட்டிக்கொண்டு திரியாதீங்க. வெயில் தாங்காதவர்களுக்குப் பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்லது. வெள்ளாமை வெட்டும் காலம், வயல் பார்க்கவும் அழகு.

6. மாரியில் வந்தே ஆகவேண்டும் என்றால்

செத்தவீடு நாள் பார்த்து வராது. அப்படி வருகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னரே கொழும்புக்குப் போய்விடுங்க. மருந்தை ஒரு கிழமைக்கு மேலதிகமாகக் கொண்டுவாங்க. மழையால் பயணம் தடைப்பட்டால் காப்புறுதி பணம் தருமா என்று முன்கூட்டியே பாருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸ் 1990 இரண்டையும் போனில் பதியுங்க.

தங்கச்சிமாரே, அம்மம்மாவோடு பிள்ளைகள் இருக்கக் கிடைப்பதே சில கிழமைகள்தான். டிசம்பருக்குச் சேர்த்த காசை ஆகஸ்ட் வரை பொத்தி வையுங்க. வந்த நாளெல்லாம் அவவோடு முற்றத்தில் இருக்கலாம்.